ஏங்குவது பாவமா? "தன்னைத்தான் வெறுத்து" என்ற வசனம் நம்மிடம் கேட்பது என்ன?

தாகமுள்ளவள் (இழையைத் தொடங்கியவர்)

எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. இனி வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் சென்ற ஆண்டு சொல்லிவிட்டார்கள். இங்கே நான் ஆறுதல் தேடி வரவில்லை. எனக்கு ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்.

எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர் என் கண்ணீரைப் பலமுறை பார்த்த பிறகு, ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, "சகோதரி, இந்த ஏக்கம் உங்களுக்கு விக்கிரகமாகிவிட்டது, அதைச் சிலுவையில் அறைந்துவிடுங்கள், உண்மையான விசுவாசிக்குச் சொந்த ஆசை என்று ஒன்று இருக்கக் கூடாது" என்றார். கலாத்தியர் 5:24-ஐயும் லூக்கா 9:23-ஐயும் வாசித்துக் காட்டினார். ஆசை இச்சைகளைச் சிலுவையில் அறைய வேண்டும், தன்னைத்தான் வெறுக்க வேண்டும் என்று அவை சொல்வதாகவே எனக்கும் தோன்றியது. அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று மாதங்கள் உண்மையாகவே முயன்றேன். குழந்தைகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். ஏக்கம் போகவில்லை, ஆனால் அதனோடு சேர்த்து நான் அடக்கி வைத்த வேறொன்று போய்விட்டது. இப்போது ஜெபத்தில் முழங்கால்படியிட்டால் சொல்வதற்கு என்னிடம் எதுவுமே இல்லை. கர்த்தரையும் நான் விரும்பவில்லையோ என்று பயமாக இருக்கிறது. விசுவாசம் என்னிடம் கேட்பது இதைத்தானா? வேதத்தை ஆழமாக வாசித்தவர்கள் சொல்லுங்கள். என்னைத் தேற்றுவதற்காக எதையும் இனிப்பாக்கிச் சொல்ல வேண்டாம்.

மூலமொழி மாணவன்

சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வசனங்களிலும் தமிழ் வாசகர்கள் இடறிவிழ இடம் இருக்கிறது. ஆகவே முதலில் சொற்களைப் பார்ப்போம்.

கலாத்தியரில் "இச்சைகள்" என்று வருவது கிரேக்கத்தில் எபிதுமியா. வலுவான விருப்பம் என்பதுதான் அதன் பொருள். நல்லதா கெட்டதா என்பதை அந்தச் சொல் தானாகச் சொல்வதில்லை. மத்தேயு 5:28-இல் ஒரு பெண்ணை இச்சையோடு பார்ப்பதைக் கண்டிக்கும்போது ஆண்டவர் பயன்படுத்துவது இந்தச் சொல்லின் வினைவடிவமே. ஆனால் லூக்கா 22:15-இல், பாடுபடுவதற்கு முன்னே இந்தப் பஸ்காவை உங்களோடு புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன் என்று அவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போதும் அதே சொல்தான், அதுவும் பெயரும் வினையுமாக இரட்டித்து, வருகிறது. பிலிப்பியர் 1:23-இல் கிறிஸ்துவுடனேகூட இருக்கப் பவுலுக்கு இருந்த ஆசையும் எபிதுமியாதான். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இடம் பார்த்து ஓரிடத்தில் "ஆசை" என்றும் ஓரிடத்தில் "இச்சை" என்றும் எழுதினார்கள். அதனால் இவை இரண்டு வேறு உணர்வுகள், ஒன்று சுத்தம், மற்றது அசுத்தம் என்று நாம் எண்ணிக்கொண்டோம். ஆனால் அவர்களே கலாத்தியர் 5:17-இல் மாம்சம் ஆவிக்கு விரோதமாகவும் ஆவி மாம்சத்துக்கு விரோதமாகவும் "இச்சிக்கிறது" என்று இரண்டு பக்கமும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். ஆவியும் இச்சிக்கிறது என்றால், இச்சிப்பதே குற்றமாக இருக்க முடியாது அல்லவா?

எபிரெயத்திலும் இப்படியே. பத்தாம் கட்டளையில் "இச்சியாதிருப்பாயாக" என்பதன் வேர்ச்சொல் ஹாமத். ஆதியாகமம் 2:9-இல் தேவன் தாமே முளைக்கப்பண்ணின மரங்கள் பார்வைக்கு அழகானவை என்ற இடத்திலும் அதே வேர் இருக்கிறது. 3:6-இல் ஏவாள் விலக்கப்பட்ட மரத்தைக் கண்ட இடத்திலும் இருக்கிறது. விரும்பத்தக்க மரங்களைப் படைத்தவர் தேவன். அவற்றை விரும்பும் கண்ணைக் கொடுத்தவரும் அவரே.

இனி லூக்கா 9:23. அங்கே "தன்னைத்தான் வெறுத்து" என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் வெறுத்தல் என்ற சொல்லே இல்லை. இருப்பது அர்நேயோமாய், அதாவது மறுதலித்தல். லூக்கா 22:57-இல் பேதுரு ஆண்டவரை மறுதலித்தான் என்று வருவதும் இதே சொல்தான். பேதுரு இயேசுவை வெறுத்தானா? இல்லை, பிறகு வெளியே போய் மனங்கசந்து அழுதான். அவன் செய்தது, "அவரை நான் அறியேன்" என்று சொல்லி, அவருக்கும் தனக்கும் இருந்த பிணைப்பை மறுத்தது. அப்படியே, தன்னைத்தான் மறுதலிப்பது என்றால், "நான் விரும்புகிறேன்" என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் எனக்குக் கட்டளையாகிவிடாது என்று சொல்வது. என்மேல் எனக்கு இருப்பதாக நான் நினைக்கும் எஜமானத்தனத்தை மறுப்பது. உங்கள் ஏக்கத்தை நீங்கள் அருவருக்க வேண்டும் என்பது அந்த வசனத்தில் இல்லை.

ஓய்வுபெற்ற ஊழியன்

தம்பி சொன்ன சொல்லாராய்ச்சியை நான் மறுக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் பிரசங்கித்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிப்பு மட்டும் கொடுக்க வேண்டியவனாயிருக்கிறேன். "ஆசை தவறில்லை" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அடுத்த நாளே, உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார் என்ற சங்கீதம் 37:4-ஐப் பிடித்துக்கொண்டு, வீடு வேண்டும், வாகனம் வேண்டும், பதவி வேண்டும் என்று பட்டியல் போடுகிற கூட்டம் வந்து நிற்கிறது. அந்த வசனத்தின் முதல் பாதியான "கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு" என்பதை யாரும் வாசிப்பதில்லை. எரேமியா 17:9 இருதயத்தைத் திருக்குள்ளது என்கிறது. எண்ணாகமம் 11-இல் இறைச்சிக்காக இச்சித்தவர்கள் கேட்டதைப் பெற்றார்கள். பெற்ற இடத்திலேயே புதைக்கப்பட்டார்கள். அந்த இடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா, இச்சையின் கல்லறைகள், என்றே பேர் உண்டாயிற்று.

மேலும் வெறுத்தல் என்ற சொல்லே இல்லை என்று தம்பி விட்டுவிட முடியாது. யோவான் 12:25-இல் தன் ஜீவனை வெறுக்கிறவன் அதைக் காத்துக்கொள்ளுகிறான் என்று இருக்கிறது. லூக்கா 14:26-இலும் இருக்கிறது. அங்கே கிரேக்கத்திலும் வெறுத்தல்தான்.

மூலமொழி மாணவன்

ஐயா சொல்வது சரி, அவ்விரண்டு இடங்களிலும் மிசேயோ என்ற சொல்தான் வருகிறது. ஆனால் லூக்கா 14:26 தகப்பனையும் தாயையும் வெறுக்கச் சொல்லுகிறதே. அதே ஆண்டவர் தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையைத் தளர்த்தினவர்களைக் கடிந்துகொண்டவர். மத்தேயு 10:37 இதே போதனையை "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்று தருகிறது. ஆகவே இங்கே வெறுத்தல் என்பது, இரண்டும் மோதும்போது எதை விட்டுக்கொடுப்பாய் என்ற கேள்வி. எபேசியர் 5:29-இல் தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லை, அதைப் போஷித்துக் காப்பாற்றுகிறான் என்று பவுல் எழுதும் இடத்திலும் அதே மிசேயோதான். அங்கே தன்னைப் பகைக்காதிருப்பது இயல்பென்று அவர் எடுத்துக்கொள்ளுகிறார். சங்கீதம் 37:4 பற்றி ஐயா சொன்னதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

கத்தோலிக்க வாசகி

1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அதே லூக்கா வசனம் "தன்னலம் துறந்து" என்று இருக்கிறது. நான் சிறு வயதிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தவள். ஆகவே "தன்னைத்தான் வெறுத்து" என்பதைப் படித்தபோது இது வேறொரு போதனையோ என்று திகைத்தேன். ஒரு மொழிபெயர்ப்புச் சொல் தலைமுறை தலைமுறையாக மக்களின் மனத்தில் என்ன செய்கிறது என்பதை நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை.

இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதிதும் அன்று. நான்காம் நூற்றாண்டில் கங்க்ரா நகரில் கூடிய ஆயர் சங்கம், திருமணத்தை இழிவாகக் கருதியவர்களையும், இறைச்சி உண்பவர்களுக்கு நம்பிக்கையில்லை என்று தீர்த்தவர்களையும் கண்டித்தது. துறவை மதித்துக்கொண்டே, படைப்பை வெறுக்கும் துறவை அது விலக்கிவைத்தது. திருச்சபைத் தந்தையருள் ஒருவரான அகுஸ்தீன் 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் மனம் மாறியவர். ஆசைகளால் பல ஆண்டுகள் இழுபட்டவர். ஆசையின் ஆபத்தை அவரைவிட அறிந்தவர் குறைவு. அப்படிப்பட்டவரும் ஆசையை வேரறுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் அதற்குரிய அளவில், அதற்குரிய இடத்தில் அன்பு செய்வதே நற்பண்பு என்றார். சிறிய நன்மையைப் பெரிய நன்மையின் இடத்தில் வைத்தால்தான் கேடு. சிறிய நன்மை அதனால் தீமையாகிவிடாது.

திருமுழுக்குப் பெற்ற பிறகும் எஞ்சி நிற்கும் தீய நாட்டம் பற்றிக் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் வேறுபட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1530-இல் எழுதப்பட்ட, லூத்தரன் சபையினரின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அது உண்மையிலேயே பாவம் என்றது. 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், அது பாவத்திலிருந்து வருகிறது, பாவத்துக்குச் சாய்க்கிறது, ஆனால் இணங்காதவருக்குத் தீங்கு செய்ய இயலாது, போராடுவதற்காக நம்மில் விடப்பட்டிருக்கிறது என்றது. ஆனால் இரு பக்கத்தாரும் பேசியது கடவுளைவிட்டு விலகிச் சாயும் நாட்டத்தைப் பற்றி. குழந்தையை விரும்பும் ஒரு பெண்ணின் ஏக்கத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க எந்தச் சங்கமும் கூடவில்லை.

புதிதாய் வந்தவன்

நான் இந்த விசுவாசத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. எனக்கு ஒன்று புரியவில்லை. ஆசை தானாகத் தவறில்லை, ஆனால் தவறாகவும் ஆகலாம் என்றால், அது எப்போது தவறாகிறது என்பதை ஒருவர் தன் உள்ளத்தில் எப்படிக் கண்டுகொள்வது? உள்ளே இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

ஓய்வுபெற்ற ஊழியன்

நல்ல கேள்வி, தம்பி. இதற்கு யாக்கோபு 1:14-15 ஒரு வரிசை தருகிறது: மனிதன் தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான், சிக்குகிறான், இச்சை கர்ப்பந்தரிக்கிறது, பாவத்தைப் பிறப்பிக்கிறது. இழுக்கப்படுவதற்கும் பிறப்பிப்பதற்கும் இடையே ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் விசுவாசியின் வேலை முழுவதும் நடக்கிறது.

இதை யோசித்துக்கொண்டு நேற்றிரவு ஆதியாகமத்தையும் முதலாம் சாமுவேலையும் எடுத்து வாசித்தேன். சகோதரியின் ஏக்கத்தையே கொண்ட இரண்டு பெண்கள் அங்கே இருக்கிறார்கள். ராகேல், "எனக்குப் பிள்ளைகொடும், இல்லாவிட்டால் நான் சாகிறேன்" என்று தன் கணவன் யாக்கோபிடம் சொன்னாள், தன் அக்காள் லேயாளின்மேல் பொறாமைப்பட்டாள், தன் வேலைக்காரியின் உடலைத் தன் வழக்குக்குக் கருவியாக்கினாள். அன்னாள் அதே ஏக்கத்தோடு, சாப்பிடாமல், அழுது, ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருடைய சந்நிதியில் தன் இருதயத்தை ஊற்றினாள். ஆசையின் அளவில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. அன்னாளுடையது கூடுதலாகவே இருந்திருக்கலாம். ராகேலின் ஆசை எதிரே நின்ற மனிதரைக் கேட்டது, அவர்களைப் பயன்படுத்தியது, கிடைக்காவிட்டால் சாவேன் என்றது. அன்னாளின் ஆசை தன்னைத் தேவனுக்கு முன்பாக முழுவதும் திறந்துவிட்டது. ஆகவே, தம்பி, உன் ஆசை யாரிடம் போகிறது, வழியில் யாரை மிதிக்கிறது, இல்லை என்ற பதிலைக் கேட்கக்கூடுமா என்ற மூன்றையும் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

அன்னாளைக் கண்ட ஏலி என்ன நினைத்தான்? வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஓர் ஆசாரியன், ஆலயத்துக்குள்ளேயே, ஒரு பெண்ணின் ஜெபத்தைக் குடிவெறி என்று தவறாகப் படித்தான். சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் வாசித்தபோது உங்கள் ஜெபக்குழுத் தலைவரின் பக்கமே என் மனம் சாய்ந்தது. நானும் இப்படிப்பட்ட ஆலோசனையைச் சிலருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்களுள் இருவரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அதைப் பற்றி இங்கே இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

கீழைத்திருச்சபை வாசகர்

ஒரு கருத்தைச் சேர்க்கிறேன், ஏனெனில் இதற்காக ஒருவர் நாவை இழந்திருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில், கிறிஸ்துவுக்குத் தெய்வீகச் சித்தம் ஒன்றே உண்டு, மனிதச் சித்தம் தனியாக இல்லை என்று பைசாந்தியப் பேரரசின் ஆதரவோடு ஒரு போதனை பரப்பப்பட்டது. மாக்சிமுஸ் என்ற துறவி அதை எதிர்த்தார். கெத்செமனேயில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று கேட்டது யார் என்பதே வாதத்தின் மையம். சாவைக் கண்டு விலகுவதும் உயிரை நாடுவதும் மனித இயல்பின் குற்றமற்ற விருப்பம், கிறிஸ்து அதை உண்மையாகவே கொண்டிருந்தார், கொண்டிருந்து அதைப் பிதாவின் சித்தத்தோடு இசைத்தார் என்று அவர் வாதாடினார். அவருடைய நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன. 662-இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் இறந்தார். 680-681-இல் கூடிய மூன்றாம் கான்ஸ்தந்திநோப்பிள் சங்கம், கிறிஸ்துவுக்கு இரண்டு சித்தங்கள் உண்டு என்று அறிக்கையிட்டது.

சகோதரிக்கு இது ஏன் தேவை என்று கேட்கலாம். "உண்மையான விசுவாசிக்குச் சொந்த ஆசை இருக்கக் கூடாது" என்று உங்களிடம் சொல்லப்பட்டது. ஆண்டவருக்கே இருந்தது. "என்னுடைய சித்தத்தின்படியல்ல" என்று அவர் சொல்ல வேண்டுமானால், "என்னுடைய சித்தம்" என்று ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். அதை அவர் மறைக்கவில்லை. மத்தேயு காட்டுகிறபடி மூன்று முறை சொன்னார். விருப்பமே இல்லாதவன் எதை ஒப்புக்கொடுப்பான்?

தாகமுள்ளவள்

எல்லோருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற ஊழியர் ஐயாவுக்குத் தனியாக. மறுதலித்தலுக்கும் வெறுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆனாலும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். அன்னாளுக்குச் சாமுவேல் பிறந்தான். ராகேலுக்கும் யோசேப்பு பிறந்தான். வேதத்தில் மலடி என்று சொல்லப்பட்ட பெண்களின் கதைகள் பெரும்பாலும் ஒரு குழந்தையோடுதான் முடிகின்றன. என் கதை அப்படி முடியப்போவதில்லை. ஏக்கத்தைத் தேவனிடம் கொண்டுபோகலாம் என்கிறீர்கள்; கொண்டுபோய், இல்லை என்ற பதிலும் வந்த பிறகு, இன்னும் மிச்சமிருக்கிற ஏக்கத்தை நான் என்ன செய்வது? பதில் வந்த பிறகும் ஏங்குவது கீழ்ப்படியாமையா?

மாலைவெளிச்சம்

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்து வருகிறேன், எழுதத் தயங்கினேன். எனக்கு வயது அறுபத்து மூன்று. நான் திருமணம் செய்துகொள்ளவில்லை; அதற்கு யாரும் அழைப்பு என்று பேர் வைக்கவில்லை, நானும் விரும்பித் தேர்ந்துகொள்ளவில்லை. ஒரு காலத்தில் மிகவும் விரும்பினேன், அது கைகூடவில்லை, அவ்வளவுதான்.

சகோதரி கேட்ட கேள்வியை நானும் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். அன்னாளின் கதை எனக்கும் உதவவில்லை. ஆனால் 1 சாமுவேல் 1:18-ஐ மட்டும் கவனித்தேன்: பிள்ளை பிறப்பதற்கு முன்பே, கருத்தரிப்பதற்கும் முன்பே, அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை.

எனக்கு அதிகம் உதவியது தாவீது. அவர் தேவனுக்கு ஆலயம் கட்ட விரும்பினார். அதைவிடச் சுத்தமான ஆசை என்ன இருக்க முடியும்? கர்த்தர் வேண்டாம் என்றார். ஆலயப் பிரதிஷ்டையின்போது, 1 இராஜாக்கள் 8:18-இல், அந்த நாளில் கர்த்தர் தன் தகப்பனுக்குச் சொன்னதைச் சாலொமோன் நினைவுகூருகிறார்: அந்த விருப்பம் உன் மனதில் இருந்தது நல்ல காரியம்தான், ஆனாலும் நீ கட்டமாட்டாய். இந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து நிற்பதை முதன்முதலில் கண்டபோது எனக்கு வயது நாற்பதுக்கு மேல். கொடுக்க மறுத்த வாயே அந்த ஆசையை நல்லது என்று சொன்னது. மறுக்கப்பட்டதனால் என் விருப்பம் தவறானது என்று அதுவரை நான் முடிவுகட்டியிருந்தேன். அதற்காகவே என்னை நான் தண்டித்துக்கொண்டும் இருந்தேன்.

தாவீது அதன் பிறகு விரும்புவதை நிறுத்திவிட்டாரா? 1 நாளாகமம் 22-ஐ வாசியுங்கள். தான் கட்டப்போவதில்லை, தான் காணப்போவதும் இல்லை என்று தெரிந்த ஒரு வீட்டுக்காக அவர் கல்லும் மரமும் இரும்பும் சேர்க்கிறார். ஒரு லட்சம் தாலந்து பொன்னும் பத்து லட்சம் தாலந்து வெள்ளியும் என்று அந்த அதிகாரம் கணக்குச் சொல்கிறது. பதில் வந்த பிறகும் அவருடைய ஏக்கம் அப்படியே இருந்தது. அது வேறு வேலை செய்தது. அதைக் கீழ்ப்படியாமை என்று வேதம் எழுதவில்லை.

எல்லோருக்கும் அப்படி வேறு வேலை கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்குச் சில ஆண்டுகள் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் சங்கீதம் 38:9-ஐ மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஆண்டவரே, என் ஏங்கலெல்லாம் உமக்குமுன் இருக்கிறது. அந்த வசனத்தில் விண்ணப்பம் எதுவும் இல்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. சில நாட்களில் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஓய்வுபெற்ற ஊழியன்

மாலைவெளிச்சம் ஐயா எழுதியதற்கு மேல் சேர்க்க என்னிடம் ஒன்றுமில்லை. நான் பிரசங்கித்த ஆண்டுகளில் 1 இராஜாக்கள் 8-ஐப் பலமுறை எடுத்திருக்கிறேன். 18-ஆம் வசனத்தில் ஒரு முறையும் நிற்கவில்லை.

தாகமுள்ளவள்

"நல்ல காரியம்தான், ஆனாலும் நீ கட்டமாட்டாய்." இதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் நாம் ஆசைப்பட்டதற்காக இனி மன்னிப்புக் கேட்க வேண்டாம்" என்றார். இந்தப் பதினோரு ஆண்டுகளில் அவரும் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜெபக்குழுத் தலைவரிடம் இந்த வாரம் பேசப்போகிறேன். கோபித்துக்கொள்ள அல்ல, லூக்கா 9:23-ஐயும் 22:57-ஐயும் அவரோடு சேர்ந்து வாசிக்க. நேற்று இரவு முழங்கால்படியிட்டபோது சங்கீதம் 38:9-ஐச் சொன்னேன். அதற்குப் பின் வேறு சில சொற்களும் வந்தன.